தொடாதீங்க சாரும் ஆடல் நாற்காலியும்

எங்கள் நகரத்தில் மனிதர்கள் குடியிருக்க இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பழைய பொருள்களுக்கு அந்தக் கவலையே இல்லை. கோட்டை மதிலுக்குள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஓர் அருங்காட்சியகம் எதிர்ப்படும். பூட்டுக்கு ஒன்று, பானைக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று, முகமூடிக்கு ஒன்று. சீப்புக்குக்கூட ஒன்று இருக்கிறது. அதன் காப்பாளர் தலையில் ஒரு முடி கிடையாது. சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்பித்தான் அவரை நியமித்தார்களாம். வெளியூர்க்காரர்கள் காலையில் ஆவலோடு இவற்றுக்குள் நுழைகிறார்கள். மத்தியானம் தாண்டியதும் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "உட்கார எங்கேயாவது இடம் இருக்கா?"

நம் சரித்திர நாயகர் அந்தக் கேள்வியால் பாதிக்கப்பட்டவர்.

கைவினை அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்துக்குக் காவல் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் 'தொடாதீங்க சார்'. நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான் என்பதால் முதலில் கூட வேலை செய்கிறவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள், பிறகு டீக்கடைக்காரர், பிறகு தபால்காரர். ஒரே சொல்லை அவர் பல சுருதிகளில் பாடுவார். குழந்தைகளிடம் அது கெஞ்சல். கல்லூரிப் பிள்ளைகளிடம் ஓர் இருமலோடு சேர்ந்து வரும். பெரிய இடத்து மனிதர்களிடமோ, சொன்னது போலவும் இருக்கும், சொல்லாதது போலவும் இருக்கும். இத்தனை வருட சர்வீஸில் தாமும் ஒரு காட்சிப்பொருளைத் தொட்டதில்லை என்பது அவருடைய பெருமை.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது வீட்டம்மா குழம்புச் சட்டியை நகர்த்தக் கையை நீட்ட, ஏதோ ஞாபகத்தில் "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

"தொடல. நீங்களே போட்டுத் தின்னுங்க" என்று வீட்டம்மா கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோனாள். அன்று ஒரு வேளை மட்டுமல்ல, மறுநாளும் அவரேதான் போட்டுத் தின்றார்.

அவர் வீட்டில் வீட்டம்மாவுக்கு அடுத்தபடி கவனமாகக் கையாளப்பட வேண்டியது ஒரு நாற்காலி. அதைச் செய்தவர் மச்சான், அதாவது வீட்டம்மாவின் ஒரே அண்ணன். வெளியூரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் தொழில் கதவு. கதவைத் தவிர வேறு எதையும் செய்யாதவர், தங்கை புதுவீட்டுக்குக் குடிபோகிறாள் என்ற பாசத்தில் தம் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு நாற்காலியில் கை வைத்தார். கை வைத்தது நாற்காலி என்றாலும் வந்தது கிட்டத்தட்டக் கதவுதான். முதுகுச் சாய்வு முழுப் பலகை. அதில் சட்டம் போட்டு, கண்ணுக்குத் தெரியாமல் கீல் வைத்து, பின்பக்கம் ஒரு ரகசியக் கொண்டியும் வைத்திருந்தார். கொண்டியைத் தள்ளினால் சாய்வு திறந்துகொள்ளும். உள்ளே ஒரு சிறிய பொந்து. முதன்முதலாகப் பார்த்தவர்களில் சிலர் அதன்மீது உட்காருவதற்கு முன் கதவைத் தட்டினார்கள்.

குடிபோன அன்று சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க, தொடாதீங்க சார் அதில் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

'டக்.'

"ஆடுதே மச்சான்" என்றார், ஏதும் அறியாத பிள்ளையாக.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. "நாற்காலி ஆடல மாப்ள" என்றார். "தரை."

"தரை எப்படி மச்சான் ஆடும்?"

"உங்க தரை ஆடும்." பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். கண்ணாடிக் குழலுக்குள் இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றது. "பாருங்க. குமிழி பொய் சொல்லாது."

தொடாதீங்க சார் அதோடு விட்டிருக்கலாம். விடாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க, வாசல்வரை போய், போன இடத்திலெல்லாம் உட்கார்ந்து காட்டினார். எல்லா இடத்திலும் 'டக்'. "தெருவும் ஆடுது மச்சான்" என்றார். அவ்வளவுதான். போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து போன மச்சான், அதன்பின் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

போனில் மட்டும் தங்கையோடு பேசுவார். "நாற்காலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் "நீ எப்படி இருக்க?" என்று கேட்பார். வீட்டம்மா இரண்டும் சௌக்கியம் என்பாள். போனை வைத்த பிறகு சற்று நேரம் அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அண்ணன்மேல் உள்ள கோபத்தையும் பாசத்தையும் ஒரே துணியால் துடைக்க அவளுக்குத் தெரியும்.

இப்படியிருக்கையில் வாடகை வாங்குகிற வீட்டுச் சொந்தக்காரர் மனமிரங்கித் தரைக்கு டைல்ஸ் போட முன்வந்தார். சாமான்களை எல்லாம் வெளியேற்ற வேண்டியதாயிற்று.

"எல்லாத்தையும் எங்க வேணா வைங்க. அண்ணன் நாற்காலி மட்டும் பத்திரமான இடத்துல இருக்கணும்" என்றாள் வீட்டம்மா.

நகரத்திலேயே பத்திரமான இடம் எது? யாரும் எதையும் தொடாத இடம் எது? தொடாதீங்க சார் அதிகம் யோசிக்கவில்லை. மேலும், கைவினை அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்திருந்த இயக்குநர் மேடம், காவலர்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் பாரம்பரியச் சூழல் கெடுகிறது என்று எல்லா ஸ்டூல்களையும் அப்புறப்படுத்தியிருந்தார். பாரம்பரியம் காப்பாற்றப்பட்டது, முட்டிகள் கைவிடப்பட்டன. எனவே நாற்காலி மூன்றாவது கூடத்து ஜன்னலோரம் வந்து சேர்ந்தது. குட்டைக் காலுக்கு அடியில் கிழித்த டிக்கெட்டுகளை மடித்து வைத்தார். சாய்வுப் பொந்துக்குள் முட்டிவலித் தைலத்தை வைத்தார். டைல்ஸ் வேலை முடிந்த பிறகும் "நாளைக்குக் கொண்டுவர்றேன், நாளைக்குக் கொண்டுவர்றேன்" என்று வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டே அதில் சாய்ந்து கிடந்தார். மனிதன் சுகத்தை அடைந்துவிட்டால் வாக்கு தவறுகிறான் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆனால் முட்டிக்கு நாற்காலியின் அருமை சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. அது வீங்கிக்கொண்டு, அவரை லீவில் படுக்க வைத்தது. அந்த நாட்களில்தான் இயக்குநர் மேடம் கூடம் கூடமாகச் சுற்றிவந்து, எண் ஒட்டப்படாத பொருள்களுக்கெல்லாம் எண் ஒட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போன் வந்தது.

"முட்டி எப்படி இருக்கு?"

"இருக்குங்க மேடம்."

"மூணாம் ஹால்ல ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கே. நம்பர் இல்ல, அட்டை இல்ல. என்ன அது?"

யாரோ உட்கார்ந்து விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து தொடாதீங்க சாருக்கு வியர்த்துவிட்டது. "அது ஆடற நாற்காலி மேடம். யாரையும் உட்கார விட்டுடாதீங்க."

"ஆடற நாற்காலியா?" மேடத்தின் குரல் மாறியது. "ஆட்டத்துக்குன்னே உள்ளதா?"

"சாதாரண ஆட்டம் இல்ல மேடம். காலை ஊணினா தாளம் போடும் பாருங்க. டக், டக்னு."

"தாளமா! எவ்வளவு காலமா?"

"வந்த நாள்லேர்ந்தே ஆடுதுங்க."

"அடடா. இதை ஏன் இதுவரைக்கும் யாரும் சொல்லல?"

"நான் சொல்லிட்டுத்தாங்க இருக்கேன். ஒருத்தர்தான் ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"ஒத்துக்க வச்சுடலாம், கவலைப்படாதீங்க. யார் செஞ்சது? பேர் தெரியுமா?"

அந்த நேரம் பார்த்து வீட்டம்மா வெந்நீர்ப் பையை அவர் முட்டியில் வைத்தாள். "ஐயோ!" என்று அலறினார்.

"தெரியலன்னா பரவாயில்ல, அதுக்கு ஏன் இப்படி வருத்தப்படறீங்க" என்று ஆறுதல் சொல்லி மேடம் போனை வைத்துவிட்டார்.

லீவு முடிந்து தொடாதீங்க சார் போய்ப் பார்த்தபோது அவருடைய நாற்காலி ஒரு மேடையின்மேல் இருந்தது. சுற்றிலும் சிவப்புக் கயிறு. மேலிருந்து விளக்கு. பக்கத்தில் அட்டை: 'ஆடல் நாற்காலி. நாட்டிய ஆசிரியர்கள் இதில் அமர்ந்து, ஆட்டியே தாளம் கொடுத்துள்ளனர். தொன்றுதொட்டு ஆடிவருவது. செய்தவர் தெரியவில்லை.' அதன் எதிரில் நின்று ஒரு பெண்மணி கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, "பழமைக்குன்னே ஒரு வாசனை இருக்கு பாத்தீங்களா?" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தொடாதீங்க சாருக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். பாட்டில் மூடியைச் சரியாக மூடாமல் போயிருந்தார்.

மேடத்திடம் உண்மையைச் சொல்லப் பலமுறை போனார். ஒவ்வொரு முறையும் மேடம் அவரைப் பார்த்ததும் "வாங்க, வாங்க, நம்ம கண்டுபிடிப்பாளர்!" என்று எழுந்து நின்றார். எழுந்து நிற்கிற அதிகாரியிடம் ஒரு மனிதன் என்ன உண்மையைச் சொல்ல முடியும்? "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பி வந்து, தம் நாற்காலியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அதில் யாரும் உட்கார்ந்துவிடாமல் காவல் காத்தார். இரண்டு முட்டியும் சாட்சி.

அப்போதுதான் மச்சானின் போன் வந்தது.

"தங்கச்சி, தரைக்கு டைல்ஸ் போட்டுட்டீங்களாமே?"

"ஆமாண்ணே."

"மட்டம் பாத்துப் போட்டாங்களா?"

"பாத்துத்தான் போட்டாங்க."

"அப்ப வர்றேன். இந்த வாரமே வர்றேன். நாற்காலியை நடு ஹால்ல போட்டு வை. மாப்ளையை அதுல உட்கார வச்சு, ஆடலன்னு அவர் வாயாலயே சொல்ல வச்சுட்டு, அன்னிக்குச் சாப்பிடாம போன சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுப் போறேன்."

வீட்டம்மா போனை வைத்துவிட்டு, வீடு முழுக்க ஒருமுறை காரணமில்லாமல் நடந்துவிட்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை தொடாதீங்க சார் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு உண்மையைச் சொல்வதற்கு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"மேடையா? எதுக்கு மேடை?" என்றாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "கயிறு வேற கட்டியிருக்கா? அது என்ன மாடா?"

"மரியாதைக்குக் கட்டியிருக்கு."

"ஆடுதுன்னு எழுதியா வச்சிருக்காங்க?"

"'ஆடல்'னு எழுதியிருக்கு. அது கொஞ்சம் கௌரவமான ஆட்டம்."

"பெரிய எழுத்துலயா?"

அவர் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். வீட்டம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்க ஒருத்தர் சொன்னதுக்கே இத்தனை வருஷம் வரல. இப்ப கவர்மென்ட்டே சொல்லிடுச்சு. எனக்கு இருக்கறது ஒரு அண்ணன். இனிமே அவர் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பாரா?"

ஆனால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கிற ஜாதியில்லை. கொஞ்ச நேரத்தில் திட்டம் தயாராகிவிட்டது. மூன்றாவது கூடத்துச் சாவி ஒன்று எப்போதும் தொடாதீங்க சாரிடம் இருக்கும். சாயங்காலம் மூடியதும் நாற்காலியை வீட்டுக்குத் தூக்கி வருவது. அண்ணனை உட்காரவைத்து, சாப்பிட வைத்து, ரயிலேற்றுவது. காலையில் திறப்பதற்குள் மேடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது. அதுவரை பகல் பொழுதை எப்படிப் போக்குவது? அதற்குத்தான் இந்த நகரத்தில் இத்தனை அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

மச்சான் வந்தார். வாசலிலேயே ரசமட்டத்தை எடுத்து டைல்ஸின்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. திருப்தியோடு நிமிர்ந்தவர், "நாற்காலி எங்க?" என்றார்.

"பாலிஷ் போடக் கொடுத்திருக்குண்ணே. சாயங்காலம் வந்துடும்."

"நான் செஞ்ச சாமானுக்கு எவன் பாலிஷ் போடறது?" என்று முகம் சுளித்தார் மச்சான். "சரி, சாயங்காலம் வந்துடுமில்ல?"

"வந்துடும் மச்சான். அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாக்கலாம் வாங்க" என்றார் லீவு போட்டிருந்த தொடாதீங்க சார்.

முதலில் பூட்டு அருங்காட்சியகம். யானைக் காதளவு பூட்டுகளையும் விரல்நக அளவுப் பூட்டுகளையும் எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, மச்சான் கூடத்துக் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். "பூட்டைப் பாக்க இத்தனை பேர் வர்றாங்க. கதவை ஒருத்தனாவது பாக்கறானா? கதவு இல்லாம பூட்டை எங்க மாட்டுவ, மூக்குலயா?"

அடுத்தது விசிறி அருங்காட்சியகம். ஓலையிலும் பட்டிலும் மயிலிறகிலும் செய்த விசிறிகள் நூற்றுக்கணக்கில் கண்ணாடிக்குள் சுகமாக இருந்தன. வெளியே மனிதர்கள் ஜன்னல் இல்லாத அறையில் வியர்வையில் நனைந்து, டிக்கெட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

பானை அருங்காட்சியகத்தில் மச்சான் பானையைப் பார்க்கவில்லை. பானை வைத்திருந்த அலமாரியை விரல் கணுவால் தட்டினார். "ஒட்டுப்பலகை" என்றார் வெறுப்பாக.

"தொடாதீங்க!" என்று மூலையிலிருந்து காவலர் கத்தினார்.

"என்ன சார்?" என்று திரும்பினார் நம் நாயகர், யாரோ தம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று.

மச்சான் விரலை அடக்க முடியாதவர். முகமூடி அருங்காட்சியகத்தில் ஒரு தொடாதீங்க, கூடை அருங்காட்சியகத்தில் இரண்டு தொடாதீங்க. ஒவ்வொன்றுக்கும் நம்மவர் "என்ன சார்" என்று பதில் கொடுத்துக்கொண்டே போனார். "ஊர் பூரா உங்களைத் தெரிஞ்சு வச்சிருக்கே மாப்ள" என்று மச்சானுக்கு அவர்மேல் முதன்முறையாகக் கொஞ்சம் மதிப்பு வந்தது. பற்களை நறநறவென்று கடிக்கிற ஒரு முகமூடியின் எதிரில் வீட்டம்மா மெதுவாகக் கணவரின் காதைக் கடித்தாள்: "திட்டம் சொதப்பிச்சுன்னா அண்ணன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். இப்பவே பாத்துப் பழகிக்கங்க."

திட்டம் சொதப்பாமல்தான் போய்க்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. கடைசியாகச் சீப்பு அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்து வெளியே வந்தால் மூடுகிற நேரம் சரியாக இருக்கும். வெளியேயும் வந்தார்கள். எதிர்ச் சுவரில், ஒரு கதவு உயரத்துக்கு, புத்தம் புதிதாக, பசைகூடக் காயாமல், ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது.

'ஆடல் நாற்காலி! தொன்றுதொட்டு ஆடிவரும் அதிசயம்! கைவினை அருங்காட்சியகம், மூன்றாவது கூடம். காணத் தவறாதீர்கள்!'

படத்தில் நாற்காலி, மேலே விளக்கோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மச்சான் போஸ்டரை மேலிருந்து கீழே படித்தார். கீழேயிருந்து மேலே படித்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

"பாலிஷ் போடற கடை இதுதானா தங்கச்சி?"

வீட்டம்மா கணவரைப் பார்த்தாள். கணவர் போஸ்டரைப் பார்த்தார். மச்சான் யாரையும் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார். அந்த ஊர்ச் சந்துகள் அவருக்குப் புதிது. ஆனாலும் வழி கேட்காமல் போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு போஸ்டர் இருந்தது.

மூன்றாவது கூடத்தில் இயக்குநர் மேடம் ஒரு கூட்டத்துக்கு நாற்காலியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். "ஆசிரியர் அதுல உட்கார்ந்து உடம்பை லேசா அசைச்சா போதும், தாளம் வரும். அந்தக் காலத்துல ஆடறவங்க காலுக்குத் தைலம் பூசுவாங்க. அந்த வாசனை இன்னும் மரத்தைவிட்டுப் போகல, கவனிச்சீங்களா?"

கூட்டம் மூச்சை இழுத்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மச்சான் அட்டையைப் படித்தார். 'ஆடல்' என்ற இடத்தில் அவர் மீசை துடித்தது. 'செய்தவர் தெரியவில்லை' என்ற இடத்தில் துடிப்பு நின்றுவிட்டது. வீட்டம்மாவுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

மச்சான் சிவப்புக் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"தொடாதீங்க மச்சான்" என்றது நம் நாயகரின் வாய், அவருடைய அனுமதியில்லாமல்.

"யாரு, நானா? நான் தொட்டதாலதான் மாப்ள இது நாற்காலியாச்சு. இல்லன்னா இந்நேரம் அடுப்புல எரிஞ்சிருக்கும்."

"யார் நீங்க?" என்றார் மேடம்.

"செஞ்சவன். தெரியலன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஆளு."

மேடம் பொறுமையாகப் புன்னகைத்தார். "போன மாசம் ஒருத்தர் வந்து அந்த வெண்கல விளக்கு அவருடையதுன்னு சொன்னாரு" என்றார்.

மச்சான் சாய்வுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் எதையோ தள்ளினார். நாற்காலியின் முதுகு கதவு மாதிரித் திறந்துகொண்டது. கூட்டம் 'ஹா' என்றது. பழமையின் வாசனை குப்பென்று எழுந்தது. உள்ளே பாதி காலியான ஒரு தைல பாட்டிலும், ஒரு மூக்குக்கண்ணாடியும், ஒற்றைக் காலுறையும் இருந்தன.

மேடம் பாட்டிலைப் பார்த்தார். தொடாதீங்க சாரின் முட்டியைப் பார்த்தார். எல்லாம் புரிந்தவராக, "ஒத்துக்க மாட்டேங்கறவர்னு சொன்னீங்களே, அது இவர்தானா?" என்றார்.

"இவரேதாங்க" என்றார் தொடாதீங்க சார், தரையைப் பார்த்து.

"எதை ஒத்துக்கல?" என்று கேட்டார் கூட்டத்திலிருந்து ஒருவர். அவர் டிக்கெட் வாங்கியவர்; கேட்க உரிமை உண்டு.

"ஆடுதுங்கறதை" என்றார் மச்சான். "என் கையால செஞ்ச எதுவும் ஆடாதுங்க. பாத்துக்கங்க." நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தினார். அசையவில்லை. முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். அசையவில்லை. ஏறி உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார். நாற்காலி பாறை மாதிரி நின்றது. அவசரத்தில் அடித்த அந்த மேடை ஒரு மூலையில் உப்பியிருந்தது. அந்த உப்பலின்மேல் குட்டைக் கால் அளவெடுத்தது போல் உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா மாப்ள! பாத்தியா தங்கச்சி! ஆடுதா? சொல்லுங்க, ஆடுதா?"

"ஆடல" என்று கூட்டமே சொன்னது.

மச்சானின் இத்தனை வருட வழக்கு ஜெயித்துவிட்டது. வீட்டம்மா கையைக்கூடத் தட்டிவிட்டாள்.

"அப்படியா" என்றார் மேடம், ஏமாற்றத்தோடு. "ஆடாதுன்னா அது வெறும் நாற்காலி. வெறும் நாற்காலிக்கு இங்க இடம் இல்லையே. சரி, இறக்கி வச்சுடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்." விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கூட்டம் வெண்கல விளக்கின் பக்கம் நகரத் தொடங்கியது.

மச்சான் மேடையிலிருந்து இறங்கி நின்றார். அணைந்த விளக்கைப் பார்த்தார். நகர்கிற முதுகுகளைப் பார்த்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவை எல்லாம் முகங்களாக இருந்தன. ஆயுள் முழுக்கக் கதவு செய்திருக்கிறார். அதன் வழியாக எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், வந்திருக்கிறார்கள். நின்று பார்த்தவர் யாருமில்லை. வழக்கில் ஜெயித்தவரின் முகம் அப்படித் தொங்கி தொடாதீங்க சார் பார்த்ததில்லை. பக்கத்தில் வீட்டம்மாவின் முகத்திலும் அந்த வெளிச்சம் அணையத் தொடங்கியிருந்தது.

நம் நாயகருக்கு அப்போது லாபம்தான். நாற்காலி திரும்பி வரும். முட்டி பிழைக்கும். சும்மா நின்றிருந்தால் போதும்.

அவர் கயிற்றைத் தாண்டினார். தம் சர்வீஸிலேயே முதல்முறையாக, மேடையின்மேல் இருந்த ஒரு காட்சிப்பொருளைத் தொட்டார். அந்த நாற்காலியின் கோணலை அவருடைய இடுப்பு அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறியமாட்டார்கள். லேசாகத் தூக்கி, ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்து, கையை ஊன்றினார்.

'டக்.'

கூட்டம் நின்றது. இன்னொரு முறை ஊன்றினார். 'டக், டக்.' ஒரு குழந்தை அதற்கேற்றபடி தலையை ஆட்டியது.

"நேரா வச்சா ஆடாதுங்க மேடம்" என்றார் தொடாதீங்க சார். "திருப்பி வச்சாத்தான் ஆடும். அது தொழில் ரகசியம். செஞ்சவரைத்தான் கேக்கணும்."

எல்லா முகங்களும் மச்சான் பக்கம் திரும்பின. மேடமும் திரும்பினார். "ஆடுதா, இல்லையா? நீங்களே சொல்லுங்க."

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மேலே விளக்கு மறுபடி எரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆடுதுங்க" என்றார். "நான்தான் ஆட வச்சேன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தொடாதீங்க சார் குடிபோன நாளிலிருந்து காத்திருந்தார். அது வந்தபோது அவருக்கு ஒரு கொட்டாவிதான் வந்தது. காலையிலிருந்து நடந்த களைப்பு. வீட்டம்மாதான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள்.

மேடம் லேசுப்பட்டவர் அல்ல. மறுநாளே புது அட்டை எழுதினார்: 'ஆடல் நாற்காலி. திருப்பி வைத்தால் ஆடும். செய்தவர்: கதவுத் தச்சர். சௌக்கியமாக இருக்கிறார்.' காட்சிப்பொருளைச் செய்தவர் சௌக்கியமாக இருக்கிற ஒரே அருங்காட்சியகம் என்று இப்போது அதற்குத் தனிப் பெயர். தைல பாட்டிலை எடுக்கப் போன தொடாதீங்க சாரை, "இருக்கட்டும், அந்த வாசனைக்குன்னே வர்றாங்க. மூடியை மட்டும் கொஞ்சம் தளர்த்தி விடுங்க" என்று தடுத்துவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து மச்சான் மறுபடி வந்தார், தோளில் இன்னொரு நாற்காலியோடு. "நீங்க உட்கார்றதுக்குன்னே செஞ்சது மாப்ள. மேடத்துக்கிட்ட கேட்டுட்டேன். பாரம்பரியம் கெடாதாம்." மூன்றாவது கூடத்து ஜன்னலோரம், சிவப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் அதைப் போட்டார். இதற்கும் முதுகு முழுப் பலகைதான். வீட்டம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடாதீங்க சார் உட்கார்ந்தார்.

'டக்.'

மச்சானின் கை மெதுவாகப் பையிலிருந்த ரசமட்டத்தின் பக்கம் போயிற்று. வீட்டம்மா கணவரையே பார்த்தாள்.

"என்ன மச்சான் இது" என்றார் தொடாதீங்க சார், குனிந்து தரையைத் தட்டிப் பார்த்து. "இந்த ஹால் தரை மட்டமே இல்லையே!"

மச்சானின் கை பையிலிருந்து வெளியே வந்தது. "நானும் வந்ததும் கவனிச்சேன் மாப்ள. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் சொல்லல."

அன்று மச்சான் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார்.